நற்பண்புக்கு ஒரு பரிசு

கோவையிலிருந்து சத்தியமங்கலம் செல்லும் சாலையும் அவிநாசியிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் சாலையும் ஒன்றையொன்று வெட்டிச்செல்லும் இடத்தில் இருக்கிறது அன்னூர். அந்த நாற்சந்தியின் இரைச்சலிலிருந்து சற்று உள்ளொதுங்கிய தெருவொன்றில், இஷாவுக்குப் பின் திண்ணையில் கூடிக் கைப்பேசியில் ஆடும் இளைஞர்களை நாள்தோறும் காண்கிறேன். நால்வர் ஓர் அணியாகக் கற்பனைத் தீவொன்றில் இறங்குகின்றனர். கடைசிவரை எஞ்சும் அணிக்கு வெற்றி. நால்வரில் ஒருவர் பல வேளைகளில் ஊரும் பேரும் அறியாத அயலார். காதில் மாட்டிய ஹெட்செட்டின் வழியே அவருடைய குரல் மட்டும் வருகிறது. ஆட்டம் கைநழுவும் தறுவாயில் அந்த முகமறியாத மனிதரை நோக்கி நம் பிள்ளைகள் வீசும் சொற்களை இவ்விதழில் எழுத இயலாது. அவரும் சளைத்தவரல்லர் என்பதை அவர்களுடைய முகம் சிவப்பதிலிருந்து அறியலாம்.

சென்ற பெருநாள் விடுமுறையில் இவர்களே ஒரு சிறு போட்டிக்கு ஏற்பாடு செய்தனர். எட்டு அணிகள், 32 பேர். ஆலோசனை கேட்டு வந்த இளைஞர் இரண்டு வினாக்களைக் கொண்டுவந்தார். ஒவ்வொருவரிடமும் நுழைவுப் பணம் வாங்கி, திரண்ட தொகையை வென்ற அணிக்குக் கொடுக்கலாமா என்பது முதல் வினா. இதற்கு விடையளிப்பது எளிது. இருதரப்பும் பணயம் வைத்து வென்றவர் எடுத்துக்கொள்வது சூதாட்டம். போட்டியிடாத மூன்றாமவர் தம் கையிலிருந்து பரிசளிப்பது வேறு. இந்த அடிப்படையில் எங்கள் வட்டாரத்து இராவுத்தர்கள் பின்பற்றும் ஹனபி மத்ஹபுக்கும் கடற்கரை ஊர்களின் ஷாஃபி மத்ஹபுக்கும் பிணக்கில்லை. துணிக்கடைக்காரர் ஒருவர் பரிசை ஏற்றுக்கொண்டதால் அவ்வினா அத்துடன் முடிந்தது. (இத்தகைய விளையாட்டே ஆகுமா என்பது தனி வினா. அதை இக்கட்டுரை எடுத்துக்கொள்ளவில்லை.)

இரண்டாவது வினாவே என்னைப் பல நாள் விடாமல் பற்றிக்கொண்டது. "மாமா, ஜெயிக்கிறவனுக்கு ஒரு பரிசு இருக்குதுங்க. வாயை அடக்கி ஆடுறவனுக்கும் ஒண்ணு வெச்சா என்னங்க?"

நல்ல வினா. உலகின் பெரிய விளையாட்டு நிறுவனங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் வினாவும் இதுதான்.

நம் பிள்ளைகள் ஆடும் விளையாட்டிலேயே இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் இந்திய அரசால் தடைசெய்யப்பட்டு, 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் இந்தியாவுக்கெனத் திரும்பி வந்தது. அதில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் 100 வரையிலான தகுதிப் புள்ளிகள் உள்ளன. பாதியில் அணியை விட்டு ஓடினாலோ தன் அணியினரையே சுட்டு வீழ்த்தினாலோ புள்ளி குறையும். குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே போனால் பிறருடன் சேர்ந்து ஆட முடியாது. ஒழுங்காக ஆடி முடித்தால் இழந்தது மெல்ல மீளும். பெயர் தகுதி என்றாலும் அது செய்யும் வேலை அபராதம். எல்லோரும் நல்லவர்களாகத் தொடங்குகின்றனர்; குறைவதற்கு மட்டுமே அங்கே வழி உண்டு. திண்ணைப் பிள்ளைகள் புள்ளிக்கு அஞ்சிப் பாதியில் ஓடுவதில்லை என்பது உண்மை. ஆனால் ஓடாமல் இருந்துகொண்டே ஏசுகின்றனர்.

அபராதத்தை விட்டுப் பரிசின் பக்கம் திரும்பியவர்களுள் முதன்மையானது, 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' என்னும் விளையாட்டை நடத்தும் ரயட் கேம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம். 2011இல் அது ஒரு தீர்ப்பு மன்றத்தை அமைத்தது. குற்றம் சாட்டப்பட்டவரின் உரையாடலை ஏனைய ஆட்டக்காரர்களே படித்துப் பார்த்துத் தண்டிக்கலாமா என்று வாக்களிப்பார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் இதற்கு நேரெதிரான ஒன்றையும் சேர்த்தது. ஆட்டம் முடிந்தவுடன் உடனாடியவரை நட்பானவர், உதவியவர், ஒத்துழைத்தவர் என்று பாராட்டலாம். எதிரணியில் இருந்தவரைக் கண்ணியமான எதிராளி என்றும் பாராட்டலாம். பொருட்பரிசு எதுவும் கிடையாது, ஒரு சிறு சின்னம் மட்டுமே. சில நாட்களுக்குள்ளாகவே அந்நிறுவனம் தன் கணக்கை வெளியிட்டது. சாதாரண ஆட்டங்களில் வசவு பற்றிய முறையீடுகள் 41 விழுக்காடு குறைந்தன. தரவரிசைக்கான ஆட்டங்களில் 17 விழுக்காடு மட்டுமே. மனப்பான்மை பற்றிய முறையீடுகளும் இவ்வாறே முறையே 29, 11 விழுக்காடு குறைந்தன.

நிறுவனம் தன்னைப் பற்றித் தானே சொல்லும் கணக்கு என்பதால் இதைச் சற்றுத் தள்ளி வைத்தே பார்க்க வேண்டும். புதுமையின் கவர்ச்சியும் அதில் கலந்திருக்கலாம். எனினும் இரு வகை ஆட்டங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு கவனத்திற்குரியது. தோற்றாலும் இழப்பில்லாத இடத்தில் பாராட்டு நன்றாக வேலை செய்கிறது. தரவரிசையில் இறங்கிவிடுவோம் என்ற அச்சம் உள்ள இடத்தில் அதன் வலிமை பாதிக்கும் கீழே போய்விடுகிறது.

அவர்களுடைய ஆய்வில் இன்னொரு செய்தியும் கிடைத்தது. பரிசைவிட அதுவே பயனுடையது என்பது என் கருத்து. தீய நடத்தையில் ஓயாமல் ஏசித் திரிபவர்களின் பங்கு ஏறத்தாழ 13 விழுக்காடுதான். எஞ்சிய 87 விழுக்காடும், மற்ற நேரங்களில் ஒழுங்காகவே ஆடுபவர்களிடமிருந்து வந்தது. கெட்டவர்கள் என்று ஒரு சிறு கூட்டம் இருந்தால் அவர்களை வெளியேற்றிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இங்கோ, நல்ல பிள்ளை ஒரு கெட்ட மணி நேரத்தில் ஏசுகிறான். அன்னூர்த் திண்ணையில் நான் காண்பதும் இதையே. ஏசுகிற அதே பையன் காலையில் ஸலாம் சொல்லி என் பையை வாங்கிச் சுமக்கிறான்.

பரிசும் தண்டனையும் இல்லாமலே இந்தக் கெட்ட மணி நேரத்தைக் குறைக்க முடியுமா? அதே நிறுவனம் எதிரணியினருடன் உரையாடும் வசதியை இயல்பாக மூடிவைத்தது. வேண்டுவோர் ஒரு பொத்தானை அழுத்தித் திறந்துகொள்ளலாம். பேச்சின் மொத்த அளவு குறையவில்லை. ஆனால் தீய பேச்சு 30 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. நல்ல பேச்சு ஏறத்தாழ 35 விழுக்காடு கூடியது. கோபத்திற்கும் வாய்க்கும் இடையே ஒரு கதவு வைத்ததற்கே இவ்வளவு பலன்.

பாராட்டு முறை பரவியபோது அதன் நோய்களும் உடன் வளர்ந்தன. 2017இல் ரயட் அதைப் படிகளாக மாற்றியமைத்து, படி ஏறுவோருக்கு விளையாட்டுக்குள் பயன்படும் பொருள்களை வழங்கத் தொடங்கியது. 2018 ஜூனில் பிளிசார்ட் நிறுவனம் 'ஓவர்வாட்ச்' விளையாட்டில் இத்தகைய நற்சான்று முறையைக் கொண்டுவந்தது. அதில் ஒரு நுட்பம் எனக்குப் பிடித்திருக்கிறது. பெற்ற படி நிலைக்காது. தொடர்ந்து நற்சான்று பெறாவிட்டால் தானே இறங்கிவிடும். நேற்றைய நற்குணத்தை வைத்து இன்று ஓய்வூதியம் வாங்க முடியாது. ஆனால் புள்ளி ஒன்று எண்ணப்படும் பொருளாகிவிட்டால் அதற்குச் சந்தையும் தோன்றிவிடும் அல்லவா? எங்கள் பிள்ளைகளின் ஆட்டத்தில் முடிவில் ஒருவருக்கொருவர் 'லைக்' இடலாம். "லைக் போடுறா, நானும் போடுறேன்" என்ற கொடுக்கல் வாங்கலைத் திண்ணையிலேயே கேட்டிருக்கிறேன். அங்கே பாராட்டுக்குரிய செயல் எதுவும் நடந்திருக்கவில்லை.

1973இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இந்த நோயின் வேரைக் காட்டுகிறது. லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவர், படம் வரைவதில் இயல்பாகவே ஆர்வமுள்ள மழலைப் பள்ளிக் குழந்தைகளை மூன்று பிரிவாக்கினர். வரைந்தால் விருது உண்டென்று ஒரு பிரிவுக்கு முன்பே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்குச் சொல்லாமல் வைத்திருந்து வரைந்த பின் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரங்கள் கழித்துப் பார்த்தபோது, விருதை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதியளவே வரைந்தனர். எதிர்பாராமல் பெற்றவர்களின் ஆர்வம் குன்றவில்லை. அந்த விருதின் பெயர் என்ன தெரியுமா? 'நல்ல விளையாட்டாளர்' விருது! ஆய்வாளர்கள் எதையும் எண்ணி வைத்த பெயரல்ல அது. நமக்கோ அது பொருந்தி வருகிறது.

இதையெல்லாம் படித்த பின் நான் திரும்பிச் சென்றது இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களிடம். இஹ்யா உலூமித்தீனின் மூன்றாம் கால்பகுதியில் பிள்ளை வளர்ப்பைப் பற்றி அவர் எழுதியிருப்பதை நம்மில் பலர் அறிவர். பிள்ளையிடம் நற்பண்பொன்று வெளிப்படும்போது அவனைக் கண்ணியப்படுத்தி, மகிழ்ச்சி தரும் ஒன்றைக் கொடுத்து, பிறர் முன்னிலையில் புகழ வேண்டும் என்கிறார். தவறு ஒருமுறை நேர்ந்தால் கண்டும் காணாததுபோல் விட்டுவிட வேண்டும். பாடம் முடிந்து வரும் பிள்ளையை விளையாடவும் விட வேண்டும். இல்லையேல் அவனுடைய உள்ளம் செத்துவிடும். இதே கால்பகுதியில், சில அத்தியாயங்கள் தள்ளி, புகழாசையையும் ரியாவையும் பற்றி அவர் எழுதுகிறார். மக்களின் பார்வைக்காகச் செய்யப்படும் நற்செயல் உள்ளிருந்தே அரிக்கப்பட்டுப் போவதை அவரைப்போல் நுணுகிக் காட்டியவர் அரியர்.

பிறர் முன்னிலையில் புகழ் என்று ஓரிடத்திலும், பிறர் பார்வைக்கு அஞ்சு என்று இன்னோரிடத்திலும் ஒரே ஆசிரியர் கூறுவது முரணாகுமா? எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. முதலாவது, வளர்ப்பவரின் கடமை. இரண்டாவது, வளர்ந்தவர் தம் உள்ளத்திற்குள் செய்ய வேண்டிய காவல். புகழுதல் என்பது ஏற்கெனவே வெளிப்பட்ட பண்பைக் கண்டு அதன்பின் நிகழ்கிறது. இதைச் செய்தால் இன்னது தருவேன் என்ற ஒப்பந்தம் அங்கே பேசப்படவில்லை. ஆயிரம் ஆண்டுக்குச் சற்றுக் குறைவான இடைவெளிக்குப் பின் மழலைப் பள்ளி ஆய்வு வந்து சேர்ந்த இடமும் இதற்கு வெகு தொலைவிலில்லை. ரியாவுக்கு அஞ்சி நற்செயலையே கைவிடுவது ஷைத்தானின் இன்னொரு சூழ்ச்சி என்றும் அவர் எச்சரித்திருக்கிறார். ஆகவே பரிசே வேண்டாம் என்ற எளிய விடைக்கும் நான் ஒதுங்க முடியவில்லை.

அறிவித்துவிட்டுக் கொடுக்கும் நன்னடத்தை விருதுக்கு நம் மாநிலத்திலேயே ஒரு சான்று உண்டு. ஐபிஎல் கிரிக்கெட்டில் ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் நடுவர்கள் அணிகளின் நடத்தைக்கு மதிப்பெண் இடுகின்றனர். 2008இல் நன்னடத்தை விருதை முதன்முதல் பெற்றது சென்னை சூப்பர் கிங்ஸ். 2013 முதல் 2015 வரை மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து அந்த அணியே பெற்றது. அதே 2015 ஜூலையில், அணியின் உயர்பொறுப்பில் இருந்த ஒருவர் பந்தயச் சூதில் ஈடுபட்ட காரணத்தால், நீதிபதி லோதா குழு அந்த அணியை ஈராண்டு விலக்கிவைத்தது. ஆட்டக்காரர்கள் மைதானத்தில் கண்ணியமாக நடந்ததும் உண்மை. மைதானத்திற்கு வெளியே நடந்ததும் உண்மை. நடுவர் தம் கண்ணெதிரே நடப்பதற்குத்தான் மதிப்பெண் இட முடியும்.

எங்கள் போட்டிக்கு வருகிறேன். நன்னடத்தைப் பரிசு பற்றி எவரிடமும் சொல்லக்கூடாது என்பது நான் வைத்த முதல் நிபந்தனை. முடிவை நாங்கள் எடுக்காமல் ஆடியவர்களே எடுக்க வேண்டும் என்பது இரண்டாவது. 32 பேரும் ஒரே கூடத்தில் அமர்ந்து ஆடினர். முகம் தெரிந்ததாலேயே வசவு பாதி குறைந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். கடைசி ஆட்டத்திற்கு முன் நபி (ஸல்) அவர்களின் அள்பா என்னும் ஒட்டகத்தின் நிகழ்ச்சியை நினைவூட்டினேன். எந்த ஓட்டத்திலும் முந்தப்படாத அந்த ஒட்டகத்தைக் கிராமவாசி ஒருவரின் ஒட்டகம் முந்தியபோது தோழர்கள் மனம் வாடினர். இவ்வுலகில் உயரும் எதுவும் தாழ்ந்தே தீரும் என்ற இறைநியதியைக் கூறி அண்ணலார் அவர்களைத் தேற்றினார்கள். பிள்ளைகள் கேட்டார்களா, ஆட்டம் எப்போது தொடங்கும் என்று காத்திருந்தார்களா என்பதை அவர்கள்தாம் அறிவர்.

ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டுத்தாள் கொடுத்து, தம் அணியில் இல்லாத ஒருவரின் பெயரையும் அவர் செய்த ஒரு செயலையும் எழுதச் சொன்னோம். செயல் எழுதப்படாத தாள்களைக் கணக்கில் எடுக்கவில்லை. நண்பனுக்காக எழுதிய பெயர்கள் அத்தோடு உதிர்ந்துவிட்டன. எஞ்சியவற்றில் அதிகத் தாள்களில் இருந்த பெயர் ஏழாம் இடம் பெற்ற அணியைச் சேர்ந்த பதினான்கு வயதுப் பையனுடையது. எதிரணிப் பையன் ஒருவனின் கைப்பேசியில் மின்னேற்றம் தீர்ந்தபோது, தான் முதலிலேயே வீழ்ந்துவிட்டதால், தன் பவர் பேங்கை எடுத்துக் கொடுத்திருக்கிறான். தோற்ற கோபத்தில் அழுத தன் அணித் தம்பியை வெளியே அழைத்துப் போய் மோர் வாங்கித் தந்ததையும் இருவர் எழுதியிருந்தனர்.

பெயரைக் கூப்பிட்டபோது அவன் எழவில்லை. வேறு யாரையோ அழைக்கிறோம் என்று நினைத்திருக்கிறான். பரிசை வாங்கிக்கொண்டு, "எதுக்குங்க மாமா?" என்று கேட்டான். தாள்களை அவனிடமே கொடுத்தேன்.

அடுத்த பெருநாளுக்கும் போட்டி உண்டென்று இப்போதே பேச்சு நடக்கிறது. துண்டுத்தாள் கதை ஊர் முழுவதும் பரவிவிட்டது. வருகிற முறை 32 பவர் பேங்குகள் வந்து சேருமோ என்ற கவலை எனக்கு உண்டு. அந்த முறைக்கு வேறு வழி தேட வேண்டும்.