'தண்ணி வந்துருச்சா?', 'எப்ப வந்துச்சு?': ஆங்கில இறந்த காலத்தைப் பேசியே பழகுவது எப்படி?

மேட்டூர் அணையை ஜூன் 12-ம் தேதி திறப்பது வழக்கம். அந்தத் தண்ணீர் கல்லணை தாண்டி, நாகை மாவட்டத்தின் கடைமடையான கீழ்வேளூர் பக்கம் வந்து சேரப் பல நாள் ஆகும். அதுவரை அங்கே டீக்கடையில் அடிபடுகிற கேள்விகள் இரண்டு: "தண்ணி வந்துருச்சா?", "எப்ப வந்துச்சு?"

ஆங்கில இறந்த காலத்தில் பலரும் தடுமாறும் இடம் இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில்தான் இருக்கிறது. முதல் கேள்விக்குத் தேதி முக்கியமில்லை. இப்போது வாய்க்காலில் தண்ணீர் இருக்கிறதா என்பதுதான் விஷயம். ஆங்கிலத்தில் அது 'ஹேஸ் த வாட்டர் கம்?'. "எப்ப" என்று கேட்டவுடன் 'ஹேவ்', 'ஹேஸ்' இரண்டும் விலகிவிடும்: 'வென் டிட் இட் கம்?'. பதில், 'இட் கேம் எஸ்டர்டே'.

இன்டர்வியூவில் 'ஐ ஹேவ் ஃபினிஷ்ட் மை டிகிரி இன் 2023' என்பது தவறாவதும் இதனால்தான். ஆண்டைச் சொல்லிவிட்டால் 'ஐ ஃபினிஷ்ட்' போதும்.

'போகல' சொல்லித் தரும் இலக்கணம்

'ஐ டிட் நாட் வென்ட்' என்பது அடிக்கடி கேட்கும் இன்னொரு தவறு. தமிழில் "நேத்து போனேன்" என்பவர், போகாவிட்டால் "போனேன் இல்ல" என்று சொல்வதில்லை, "போகல" என்கிறார். "இல்லை" சேர்ந்ததும் வினைச்சொல்லில் இருந்த இறந்த காலம் காணாமல் போகிறது. ஆங்கிலத்திலும் அதேதான்: 'டிட் நாட்' வந்ததும் 'வென்ட்' மறுபடி 'கோ' ஆகிவிடும். கேள்வியில் மட்டும் தமிழ் கைகொடுக்காது. "போனியா?" என்பதில் இறந்த காலம் அப்படியே நிற்கிறது, ஆங்கிலத்தில் அங்கேயும் 'டிட் யூ கோ?' தான்.

"சின்ன வயசுல ஆத்துல குளிப்போம்" என்பது இன்னும் வேடிக்கை. வடிவம் எதிர்காலம், பொருளோ பழைய வழக்கம். அதை 'வீ வில் பேத்' என்று மாற்றினால், கேட்பவர் நாளைக்குக் குளிக்கப் போவதாக நினைத்துக்கொள்வார். 'வீ யூஸ்ட் டு பேத்' என்பதே சரி.

கஜா இரவைச் சொல்லிப் பாருங்கள்

கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சியில் இதெல்லாம் சரியாக வரும், பேசும்போது ஓடிவிடும். சொந்தக் கதை என்றால் எது முன்னால், எது பின்னால் என்று யோசிக்க வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது அந்தப் பக்கம் இருந்த யாரிடமும் ஒரு கதை இருக்கும்.

ஒருவர் 'ஹேவ் யூ எவர் சீன் எ சைக்ளோன்?' என்று தொடங்கலாம். 'யெஸ், ஐ ஹேவ்' என்று பதில் வந்ததும், 'வாட் வேர் யூ டூயிங் தட் நைட்?' என்று இறந்த காலத்துக்கு இறங்க வேண்டும். "தூங்கிட்டு இருந்தோம், கூரை பறந்துச்சு" என்பது 'வீ வேர் ஸ்லீப்பிங் வென் த ரூஃப் ஃப்ளூ ஆஃப்'. "காலைல வெளிய வந்தா தென்னை எல்லாம் விழுந்திருந்துச்சு" என்பதில் மரம் விழுந்தது வெளியே வருவதற்கு முன்பே. அதனால் 'ஹேட் ஃபாலன்'.

கேட்பவர் நடுவில் திருத்தக் கூடாது. கதை முடிந்தபின் இரண்டு தவறுகளை மட்டும் சொன்னால் போதும். மறுநாள் அதே கதையை வேறொருவரிடம் சொல்ல வேண்டும். வீட்டை இழந்தவருக்கு அந்த இரவைப் பேச விருப்பமில்லாமல் இருக்கலாம். அப்படியானால் தொலைந்த செல்போனோ, தவறவிட்ட கடைசி பஸ்ஸோ போதும்.