ஒளிந்து ஓடும் உரையாடலைத் துரத்தும் பெட்டி

கையடக்க ரேடியோ ஸ்கேனருக்குக் காது மட்டும்தான் உண்டு, வாய் கிடையாது. நினைவில் ஏற்றிவைத்த அலைவரிசைகளை நொடிக்குப் பத்து, இருபது, அதற்கும் மேல் என்று புரட்டிக்கொண்டே போகும். வெறும் இரைச்சல் என்றால் ‘ஸ்குவெல்ச்’ சுற்று ஒலிபெருக்கியை அடக்கிவிடும். யாராவது வாக்கிடாக்கியில் பேசினால் அங்கே நிற்கும். பேச்சு முடிந்தாலும், பதில் வரக்கூடும் என்று ஓரிரு நொடி காத்திருந்துவிட்டே நகரும்.

அமெரிக்காவில் இது பரவிய 1970களில், ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஒரு குவார்ட்ஸ் படிகம் வாங்கிச் செருகவேண்டியிருந்தது. பின்னர் எண்ணைத் தட்டினால் போதும் என்றானது. வரலாறு இவ்வளவு போதும். சுவாரசியம் ‘டிரங்கிங்’ முறையில் இருக்கிறது.

போலீஸ், தீயணைப்பு, குப்பை வண்டி என்று துறைக்கொரு அலைவரிசை ஒதுக்கினால், பெரும்பாலான நேரம் அவை சும்மா கிடக்கும். டிரங்கிங்கில் எல்லாம் பொதுச் சொத்து. அலைவரிசைத் தடங்களில் ஒன்று மட்டும் கட்டுப்பாட்டுத் தடமாக ஓயாமல் தரவை அனுப்பும். பி25 என்ற தரத்தில் நொடிக்கு 9,600 பிட். காவலர் பொத்தானை அழுத்தியதும் அவரது கருவி இடம் கேட்கிறது. கணினி காலியான தடத்தைப் பிடித்து, ‘இந்தக் குழு இந்தத் தடத்துக்கு’ என்று அறிவிக்கிறது. அந்தக் குழுவின் கருவிகள் எல்லாம் கண்ணிமைப்பதற்குள் அங்கே தாவுகின்றன.

கல்யாணப் பந்தியில் குடும்பத்துக்கொரு வரிசை ஒதுக்காமல், வாசலில் நிற்பவர் காலியான வரிசையைக் காட்டி அனுப்புவதைப் போன்றது இது. ஆனால் இந்தப் பந்தியில் ஒரு கவளம் உண்டதும் எழுந்துவிட வேண்டும். அடுத்த கவளம் வேறு வரிசையில் கிடைக்கலாம். இடமில்லையென்றால் வாசலில் காத்திருப்பு. சம்பந்தி வந்தால் மட்டும் முன்னுரிமை. தீயணைப்பு வீரரின் அவசரப் பொத்தானுக்கு அந்த மரியாதை. பழைய ஸ்கேனர் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆள். அதற்குப் போலீஸின் கேள்வி கேட்கும், பதிலுக்குக் குப்பை வண்டி ஓட்டுநரின் குரல் வரும். டிரங்கிங் ஸ்கேனரோ வாசற்காரர் அருகிலேயே நின்று, அவர் சொல்வதைக் கேட்டுக் குழுவின் பின்னால் ஓடும் அழையாத விருந்தாளி.

‘ஊரையே கேட்கலாம்’ என்ற விளம்பரத்தை நம்பிப் பணத்தைக் கொட்டவேண்டாம். நியூயார்க் போலீஸ் 2023இல் தன் உரையாடல்களை மறையாக்கம் செய்யத் தொடங்கியது. வேறு பல நகரங்களும் அதே வழியில் போகின்றன. மறையாக்கத்துக்கு ஏ.இ.எஸ். என்ற முறையின் 256 பிட் சாவி இருந்தால் அதை எந்த ஸ்கேனராலும் உடைக்க முடியாது. பெரும்பாலும் எந்தக் குழு பேசுகிறது என்ற எண் தெரியும், பேச்சு தெரியாது. கைப்பேசி அலைவரிசைகளைப் பிடிக்கும் ஸ்கேனரைத் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ அமெரிக்காவில் 1994 முதல் தடை.

விமானங்கள் பேசும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் இன்னும் திறந்தே கிடக்கிறது. ஏனென்றால் எல்லா விமானிகளும் ஒருவரையொருவர் கேட்டாகவேண்டும். அங்கே பழைய ஏ.எம். முறைதான், அதற்கும் காரணம் உண்டு. எஃப்.எம்.மில் வலுவான குரல் மெலிந்ததை விழுங்கிவிடும். ஏ.எம்.மில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் கீச்சென்ற ஒலி எழும். யாரோ குறுக்கே பேசியதைக் கட்டுப்பாட்டுக் கோபுரம் கண்டுகொண்டு மறுபடி சொல்லச் சொல்லும். இந்த விமானப் பேச்சைக் கேட்க விலை குறைந்த ஸ்கேனரே போதும்.