மேடையில் விழும் அடி

ஆண்டனி பர்ஜெஸ் 1962இல் எழுதிய ‘எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்’ நாவலின் தொடக்கத்திலேயே ஒரு காட்சி வரும். நூலகத்துப் புத்தகங்களோடு நடந்து வரும் பெரியவர் ஒருவரைப் பதினைந்து வயது அலெக்ஸும் அவன் கூட்டாளிகளும் வழிமறித்து, புத்தகங்களைக் கிழித்து, பல்செட்டைப் பிடுங்கி மிதித்து, ரத்தம் வர அடிப்பார்கள். ஸ்டான்லி குப்ரிக் இந்த நாவலை 1971இல் படமாக்கினார். பிரிட்டனில் எழுந்த எதிர்ப்பைப் பார்த்து அங்கே படத்தைத் திரையிடுவதை அவரே நிறுத்தச் செய்தார். அவர் 1999இல் மறைந்த பிறகுதான் அது அந்நாட்டுத் திரையரங்குகளுக்குத் திரும்பியது.

தன் நாவலையே பர்ஜெஸ் 1987இல் பாடல்கள் கொண்ட நாடகமாக எழுதினார். 1990இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி லண்டன் பார்பிகன் அரங்கில் ஒரு வடிவத்தை மேடையேற்றியது. சினிமாவில் ஓர் அடியை ஒருமுறை சரியாக எடுத்துவிட்டால் போதும். மேடையில் அதே அடி தினமும் விழ வேண்டும். அடி வாங்கியவர் மறுநாளும் நடிக்க வர வேண்டும். இதற்காகவே வளர்ந்த கலை மேடைச் சண்டை.

கன்னத்தில் விழும் ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். இரு நடிகர்களும் கைக்கு எட்டாத தூரத்தில் நிற்கிறார்கள். பார்வையாளர்களுக்கு அந்த இடைவெளி தெரியாதபடி, அரங்கிலிருந்து பார்க்க ஒருவருக்கு நேர் பின்னால் மற்றவர் தெரியுமாறு எதிரெதிரே நிறுத்துவார் சண்டை இயக்குநர். முதலில் கண்ணோடு கண் பார்க்க வேண்டும். ‘நான் தயார்’ என்பதற்கு அதுதான் அடையாளம். பிறகு கை ஓங்கி, முகத்தைத் தொடாமல் காற்றில் கடந்து போகும். ‘பளார்’ சத்தம் கன்னத்திலிருந்து வருவதில்லை. அடி வாங்குபவரே மார்புக்கு அருகில் மறைவாகக் கை தட்டுகிறார், அல்லது தொடையில் தட்டிக்கொள்கிறார். அதே கணத்தில் தலை திரும்ப வேண்டும். சத்தம் இம்மி பிந்தினாலும் அரங்கம் கண்டுபிடித்துவிடும்.

தலைமுடியைப் பிடித்து இழுப்பது இன்னும் நுட்பமானது. இழுப்பவர் மூடிய கையைத் தலைமேல் வைக்கிறார், அவ்வளவுதான். இழுபடுபவர் தன் இரு கைகளாலும் அந்தக் கையைத் தலையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு தானே தள்ளாடிப் போகிறார். எந்தப் பக்கம் போவது, எவ்வளவு வேகம், எங்கே நிறுத்துவது எல்லாம் அவர் முடிவு. கொடுமைக்காரனாக நடிப்பவர் அவரைப் பின்தொடர்கிறார். இந்தக் கலையின் ஆதார விதியே இதுதான்: அடி வாங்குபவர் கையில் கடிவாளம். நாவலில் அரசாங்கம் அலெக்ஸுக்குச் சிகிச்சை கொடுத்து, வன்முறையை நினைத்தாலே குமட்டும்படி செய்து, அவன் தேர்ந்தெடுக்கும் உரிமையையே பறித்துவிடுகிறது. அந்தக் கதையைச் சொல்லும் மேடையிலோ ஒவ்வோர் அடியும் இருவரின் சம்மதத்தோடுதான் விழுகிறது.

ஒத்திகையில் சண்டையை மிக மெதுவாகத்தான் தொடங்குவார்கள். உடம்புக்குப் பழகிய பிறகே வேகம். காட்சி நாட்களிலும் திரை உயரும் முன் சண்டைப் பகுதிகளை மட்டும் ஒருமுறை செய்து பார்ப்பது தொழில்முறை அரங்குகளின் வழக்கம்.

அலெக்ஸாண்ட்ரா ஸ்பென்சர்-ஜோன்ஸ் ஆண் நடிகர்களை மட்டுமே வைத்து இயக்கி, 2017இல் நியூயார்க்குக்கும் சென்ற வடிவத்தில் சண்டைகள் ஏறக்குறைய நடனமாகவே இருந்தன. எனக்கு அது சரியான வழியாகப் படுகிறது. ரத்தத்தை அப்படியே காட்டிக்கொண்டே போனால் பார்ப்பவர் மனம் மரத்துப்போகும். ஆனால் நடனத்தின் அழகில் வலி மறைந்துவிட்டால் அந்தப் பெரியவருக்கு நடந்தது வெறும் வேடிக்கையாகிவிடும். அதைத் தடுப்பவர் கீழே கிடக்கும் நடிகர்தான்: அவர் மூச்சு, முனகல், எழ முடியாமல் ஊன்றும் கை.

கல்லூரிகளிலும் ஊர்களிலும் நாடகம் போடும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘மெதுவா அடி, ஒண்ணும் ஆகாது’ என்று மேடையேறாதீர்கள். சண்டைக்கென்று ஒருவரைப் பொறுப்பாக நியமியுங்கள். அடி வாங்கப்போகிறவரிடம் முதலில் கேளுங்கள்.