பாராவும் பதிவேடும்

1933-இல் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் மனநோய்க்கென்று ஒரு புறநோயாளிகள் பிரிவு திறந்தது. இந்தியாவில் ஒரு பொது மருத்துவமனைக்குள் அப்படியொரு பிரிவு அமைந்தது அதுவே முதல் முறை. அந்தக் கல்லூரிதான் இன்றைய ஆர்.ஜி.கர். பிரிவைத் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸ், 1922-இல் அதே நகரில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவியவர்; ஃப்ராய்டோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தவர். அந்தச் சங்கம் 1940-இல் லும்பினி பார்க் மனநல மருத்துவமனையைத் தொடங்கியபோது அங்கே இருந்தவை மூன்றே படுக்கைகள். சிறுவர்களை அறியாதவர் அல்லர் போஸ். சிவப்பு எறும்புகளையும் கறுப்பு எறும்புகளையும் வைத்து ‘லால் காலோ’ என்று பிள்ளைகளுக்கு ஒரு கதைப் புத்தகமே எழுதியிருக்கிறார். ஆனாலும் அந்நாளில் மருத்துவம் வேண்டிய பிள்ளையை யாராவது கைபிடித்து மருத்துவமனைக்கு அழைத்து வர வேண்டும். பிள்ளை இருக்கும் இடம் தேடிப் போக ஆள் இல்லை.

அழைத்து வர யாருமில்லாதவர்களுக்கு வேறொரு வழி இருந்தது. அது சிறைக்குப் போனது. 1912-ஆம் ஆண்டின் பைத்தியச் சட்டம் நடப்பில் இருந்த காலத்தில் தெருவில் திரிந்தவர்களையும், வீட்டார் கைவிட்டவர்களையும் பாதுகாப்பு என்ற பெயரில் வங்காளச் சிறைகளில் வைத்தார்கள். குற்றம் செய்யாத பைத்தியம் என்று பதிவேட்டில் அவர்களுக்குத் தனி வகை இருந்தது. 1987-இல் புதிய மனநலச் சட்டம் வந்த பிறகும் சிறைக் கதவுகள் அவர்களுக்காகத் திறக்கவில்லை. பத்திரிகையாளர் ஷீலா பர்சே தொடுத்த வழக்கில், மனநோயைக் காரணமாக வைத்து ஒருவரைச் சிறையில் அடைப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று 1993-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறைகளில் அடைபட்டிருந்த சிறுவர்களுக்காக 1986-இல் அதே நீதிமன்றத்தில் நின்றவரும் அவரே. கல்கத்தாவில் மனநலச் செவிலியர் வேலையின் கதையைச் சொல்ல வருகிறவர் இந்த 1993-ஐத் தாண்டிப் போக முடியாது. அதுவரை மனநோயாளியின் அருகில் நின்ற ஆள், பல இடங்களில், சாவிக்கொத்து வைத்திருந்த காவலர்தான்.

இந்த இரண்டு வழிகளுக்கும் நடுவில், பெரும்பாலான பிள்ளைகள் மருத்துவமனைக்கும் போகவில்லை, சிறைக்கும் போகவில்லை. அவர்கள் பாராவில் இருந்தார்கள். பாரா என்பது நம் ஊர்த் தெருவும் பேட்டையும் சேர்ந்தது. வடகல்கத்தாவின் பழைய வீடுகளின் முன் ரோயாக் என்ற திண்ணை உண்டு. மாலையில் அங்கே பெரியவர்களின் அரட்டை, சந்தில் பிள்ளைகளின் ஆட்டம். எந்தப் பையன் நான்கு நாளாக ஆட வரவில்லை, எந்தப் பெண் மொட்டை மாடியில் தனியே நிற்கிறாள் என்பதெல்லாம் திண்ணைக்குத் தெரிந்துவிடும். கூட்டுக் குடும்பத்தில் பாட்டி இருந்தாள், அத்தை இருந்தாள், மணமாகாத சித்தப்பா ஒருவர் இருந்தார். அப்பாவிடம் சொல்ல முடியாததைச் சொல்ல வீட்டுக்குள்ளேயே மூன்றாவது, நான்காவது ஆள் கிடைத்தார்.

அந்தப் பாராவை நான் தங்கமுலாம் பூசி நிறுத்த விரும்பவில்லை. அடிக்கடி மயங்கி விழும் பெண்ணை ஓஜா என்ற மந்திரவாதியிடம் கொண்டுபோய்ப் பேயோட்டியதும், கையில் தாயத்துக் கட்டிவிட்டுத் திருமணத்தை அவசரப்படுத்தியதும் அதே பாராதான். மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைக்கு ஊர் வைத்த பட்டப்பெயர் அவன் சாகும்வரை ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள்ளேயே நடந்த பாலியல் கொடுமையைத் திண்ணை அறிந்தும் வாய் திறக்கவில்லை. பாரா எல்லாவற்றையும் பார்த்தது. பார்த்ததை என்ன செய்வது என்பதுதான் அதற்குத் தெரியவில்லை.

வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வழக்கத்தை இங்கே அறிவியல் முறையில் கொண்டுவந்தவர்களில் டாக்டர் டி.என். நந்தியை முதலில் சொல்ல வேண்டும். போஸின் பெயரிலேயே கல்கத்தாவில் ஒரு கிளினிக் நடத்திய அவர், தம் குழுவினரோடு மேற்கு வங்கத்துக் கிராமங்களில் குடும்பம் குடும்பமாக மனநோயைக் கணக்கெடுத்தார். 1972-இல் பார்த்த அதே இரண்டு கிராமங்களை 1992-இல் மறுபடியும் பார்த்தார். ஆயிரம் பேருக்கு 116.8 என்றிருந்த மனநோய், இருபது ஆண்டில் 105.2 ஆகக் குறைந்திருந்தது. மொத்த எண்ணிக்கையைவிட அதன் உள்விவரம்தான் என் மனத்தில் நிற்கிறது. ஹிஸ்டீரியாவும் பதற்றமும் அச்சநோயும் வெகுவாகக் குறைந்திருந்தன. மனச்சோர்வு கூடியிருந்தது.

மனநலச் செவிலியர் வேலையில் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வேறுபாடு அந்த உள்விவரத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். பழைய துயரம் சத்தம் போட்டது. பெண் விழுந்தாள், கை கால் வெட்டி இழுத்தது, அம்மன் ஏறியதாகச் சொன்னார்கள், தெருவே கூடியது. செவிலியர் யாரும் தேட வேண்டியதில்லை. கூட்டம் இருக்கும் இடத்துக்குப் போனால் போதும். புதிய துயரம் பேசாது. கதவைச் சாத்திக்கொண்டு கைபேசியோடு படுத்திருக்கும் பதினைந்து வயதுப் பையனைப் பார்த்து வீட்டார் ‘படிக்கிறான்’ என்றோ ‘சோம்பேறி’ என்றோ நினைத்துக்கொள்வார்கள். மதிப்பெண் இறங்கிய பிறகுதான் ஏதோ சரியில்லை என்று உறைக்கும்.

2010-இல் சிப்நாத் தேப்பும் உடனாய்வாளர்களும் கொல்கத்தாவின் 13 முதல் 17 வயது மாணவர்கள் 460 பேரிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். பையன்களில் 20.1 விழுக்காட்டினரிடமும் பெண்களில் 17.9 விழுக்காட்டினரிடமும் மிகுந்த பதற்றம் இருந்தது. வசதியானவர்களையும் ஏழைகளையும்விட நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் அது அதிகம். தம் சொந்த விஷயங்களைத் தந்தையிடம் பகிர்ந்துகொள்ளத் தயங்கியவர்கள் 60 விழுக்காடு, தாயிடம் தயங்கியவர்கள் 40 விழுக்காடு. பாட்டியும் அத்தையும் இருந்த வீட்டில் இந்த எண்களின் கனம் வேறாக இருந்திருக்கும். அப்பா, அம்மா, பிள்ளை என்று மூன்றே பேர் வாழும் அடுக்குமாடி வீட்டில், அந்த 60-க்கும் 40-க்கும் மாற்றாக இன்னொரு ஆள் வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

வருகிறவர்கள் இன்று இருக்கிறார்கள். வளரிளம் பருவத்தினரின் நலத்துக்காக மத்திய அரசு 2014-இல் தொடங்கிய திட்டத்தின் கீழ் வரும் வளரிளம் பருவக் கிளினிக்குகளுக்கு மேற்கு வங்கத்தில் அன்வேஷா என்று பெயர். மாதவிலக்கு, முகப்பரு, காதல், பரீட்சை பயம் எல்லாவற்றையும் அங்கே ஓர் ஆலோசகரிடம் பேசலாம். 2000-இல் ரத்னாபோலி ராய் தொடங்கிய அஞ்சலி அமைப்பு, அரசு மனநல மருத்துவமனைகளுக்குள் வேலை செய்ததோடு நிற்கவில்லை. ஜனமானஸ் என்ற பெயரில் நகராட்சிகளோடு சேர்ந்து அந்தந்தப் பகுதிப் பெண்களையே பயிற்றுவித்து மனநலப் பணியில் இறக்கியது. 2007-இல் பிறந்த ஈஸ்வர் சங்கல்ப், தெருவில் வாழும் மனநோயாளிகளைத் தெருவிலேயே சந்தித்து மருந்தும் உணவும் பேச்சும் கொடுக்கிறது. கடத்தலிலிருந்து மீட்கப்பட்ட பெண்பிள்ளைகளுக்கு நடனத்தின் வழியே சிகிச்சை தரும் கொல்கத்தா சன்வேத் 2004-இலிருந்து இயங்குகிறது. சாவிக்கொத்தோடு நின்றவர் இருந்த நகரத்தில் இவ்வளவும் நடந்திருக்கிறது. இதைச் சின்ன மாற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

வீட்டுக்கு வரும் செவிலியர் அங்கே என்ன செய்கிறார்? கொல்கத்தாவின் தில்ஜலா, தாப்சியா பக்கத்துச் சந்து ஒன்றில் ஒற்றை அறை வீட்டை எடுத்துக்கொள்வோம். நான்கு செங்கல் உயரத்தில் தூக்கி நிறுத்திய கட்டில். அதன் அடியில் அடுப்பு, பாத்திரம், அரிசி டின். கட்டில்மேல் அந்த வீட்டின் பிள்ளை. தாய் ‘வாங்க திதி (அக்கா)’ என்று இடம் ஒதுக்கித் தருகிறாள். செவிலியர் நோயைப் பற்றி எடுத்த எடுப்பில் கேட்பதில்லை. ரேஷன், தண்ணீர் என்று பேச்சு தொடங்கும். பிறகு மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கி, காலியான குழிகளை விரலால் தொட்டு எண்ணுவார். போன முறை வந்த தேதிக்கும் குழிகளுக்கும் கணக்கு ஒத்துப்போகிறதா? பள்ளி நோட்டைப் புரட்டுவார். ஜூனில் கோட்டைத் தொட்டு நேராக ஓடிய எழுத்து, ஆகஸ்டில் சரிந்து, செப்டம்பரில் பாதிப் பக்கத்தோடு நின்றிருக்கும். எந்தக் கேள்வித்தாளும் சொல்லாததை அந்த நோட்டு சொல்லும். தனியாகப் பேச அந்த வீட்டில் இடம் கிடையாது. ஆகவே பிள்ளையை மொட்டை மாடிக்கோ, குழாயடி வரைக்குமோ கூட்டிக்கொண்டு போய், ‘ராத்திரி தூக்கம் வருதா?’ என்று கேட்பார்.

அந்தப் பேச்சு இரகசியமாக இருக்குமா என்பதில்தான் அன்றும் இன்றும் கடுமையாக மோதுகின்றன. அன்று ஒரு பெண் தன் மாமா செய்ததைச் செவிலியரிடம் சொன்னால், அது அவர்கள் இருவரோடும் நின்றது. குற்றவாளி தப்பினான். சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் தெரிய வந்தவர் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். சட்டம் சரியானது. ஆனால் காவல் நிலையம், நீதிமன்றம் என்ற நினைப்பே பிள்ளையின் வாயை அடைத்துவிடவும் கூடும். அவள் பேசத் தொடங்கும் முன்பே ‘நீ சொல்வதில் சிலவற்றை நான் மறைக்க முடியாது’ என்று சொல்ல வேண்டிய பொறுப்பு செவிலியருக்கு வந்திருக்கிறது. இந்த வேலையில் இதைவிடக் கடினமான வாக்கியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மருத்துவமனையில் சேர்க்கும் முறையும் மாறியது. 1987 சட்டத்தில், சிறார்களைச் சேர்க்கப் பாதுகாவலர் விண்ணப்பித்தால் மருத்துவ அதிகாரியின் முடிவே போதும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி இரண்டு வல்லுநர்கள் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். பெரியவர்களின் வார்டில் வைக்கக் கூடாது. வீட்டாரோ அவர்கள் நியமிக்கும் ஒருவரோ உடன் தங்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். தனியே விடப்பட்டு அழுத பிள்ளைகளின் காலம் காகிதத்திலாவது முடிந்துவிட்டது. வேறு ஆள் இல்லாமல், உடன் தங்கினால் தினக்கூலி போய்விடும் என்று தயங்கும் தாய்க்கு மட்டும் சட்டத்தில் விடை இல்லை.

கோவிட் இவை எல்லாவற்றையும் உரசிப் பார்த்தது. மேற்கு வங்கத்தில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்பதாம் வகுப்பு முதல் 2021 பிப்ரவரியில் திறந்து, ஏப்ரலில் மீண்டும் மூடி, நவம்பரில் மறுபடி திறந்தன; சின்னப் பிள்ளைகளுக்கு 2022 பிப்ரவரி ஆனது. 2021-இல் பத்தாம் வகுப்புக்கான மாத்யமிக் தேர்வே நடக்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த கடைசிப் பொதுக் கண்ணாகிய வகுப்பறையும் போயிற்று. அதே 2020 மே மாதம், நகரத்தின் தனியார் மருத்துவமனைகளில் வேலை பார்த்த மணிப்பூர்ச் செவிலியர்கள் நூற்றுக்கணக்கில் வேலையை விட்டு ஊர் திரும்பினார்கள். செவிலியர் என்பவர் எங்கோ ஒரு வீட்டின் மகளும்தான் என்பது அப்போது பலருக்கு நினைவுக்கு வந்தது.

இன்று 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவை இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கியது. எந்த நேரமும் பேசலாம். ஆனால் தொலைபேசி மாத்திரை அட்டையை எண்ணாது, நோட்டைப் புரட்டாது. அதற்கு ஆள் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2017 கணக்கில், இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு மனநலச் செவிலியர் 0.8 பேர். 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி 13 முதல் 17 வயதினரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு உண்டு. 1996-இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவில் சமூகச் செவிலியருக்கு ஒரு பணியிடம் இருக்கிறது. பிரிட்டனில் இருப்பதுபோல் பிள்ளைகளுக்கென்று தனியே இல்லை. அந்த ஒருவரேதான் குடி நோயாளியையும் முதியவரையும் பதினாலு வயதுப் பெண்ணையும் பார்க்கிறார்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வயது வரம்புதான். அன்வேஷாவின் கணக்கில் வளரிளம் பருவம் 10-இலிருந்து 19 வரை. பாராவுக்கு அப்படியொரு வரம்பு இருந்ததில்லை. ஐந்து வயதில் பார்த்த பையனை அது ஐம்பதிலும் பார்த்தது. இன்று இருபது வயதானதும் பிள்ளை பெரியவர்களின் புறநோயாளிகள் வரிசைக்குப் போய்விடுகிறான், சீட்டு மட்டும் கையில். மாத்திரை எண்ணியவரும் நோட்டைப் படித்தவரும் அந்த வரிசையில் இல்லை. மனச்சிதைவு போன்ற பெரிய நோய்கள் பலருக்குத் தலைகாட்டுவதோ பதினேழுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில்.