பந்து எப்படி விழும்? சின்ஃபிக்கில் முதல் அனிமேஷன்

"அனிமேஷனா? எனக்கு வரையவே வராதே!" என்று ஒதுங்குபவர்கள் நம்மில் நிறைய பேர். செமினார் வந்தால் யாரோ செய்த ஜிஃப் ஒன்றை இறக்கி ஸ்லைடில் ஒட்டிவிடுவோம். நாம் சொல்ல வந்தது ஒன்று, அங்கே ஓடுவது இன்னொன்று! ஒரு வட்டமும் ஒரு செவ்வகமும் போடத் தெரிந்தாலே நமக்கு வேண்டியதை நாமே செய்துவிடலாம். எப்படின்னு பார்ப்போமா?

இதற்கு நாம் எடுத்துக்கொள்வது சின்ஃபிக் ஸ்டுடியோ. ராபர்ட் குவாட்டில்பாம் உருவாக்கிய இந்த மென்பொருள் 2005-இல் ஜிபிஎல் உரிமத்தில் வெளியானது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். காசு எதுவும் கட்ட வேண்டாம்.

வெக்டர் என்றால்?

1920×1080 அளவுள்ள ஒரு போட்டோவில் 20,73,600 புள்ளிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத் தெரியும். வெக்டரில் ஒரு வட்டத்துக்கு மையம், ஆரம், நிறம் இவ்வளவுதான் தேவை. எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு உடையாது. முக்கியமான லாபம் வேறு: மையம் ஓர் எண் என்பதால், தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் கொடுத்தால் இடையில் உள்ள படங்களைக் கணினியே கணக்குப் போட்டு வரைந்துவிடும்.

லேயர் எதற்கு?

கணினி வரும் முன்பே இந்த யோசனை இருந்தது. ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு தாள்களில் பாத்திரங்களை வரைந்து, பின்னணி ஓவியத்தின் மேல் வைத்துப் படமெடுத்தார்கள். பின்னணியை ஒருமுறை வரைந்தால் போதும். லேயரும் அதேதான். எது அசையும், எது அசையாது என்று முதலில் பிரிச்சுக்கோங்க. நம் காட்சிக்கு நாலு லேயர்: பின்னணி, தரை, நிழல், பந்து. பட்டியலில் மேலே இருப்பது திரையில் முன்னால் தெரியும்.

செய்து பார்ப்போம்

1. செவ்வகக் கருவியால் பின்னணியும் தரையும், வட்டக் கருவியால் பந்தும் போடுங்க. பந்தின் மையத்துக்கு Y மதிப்பு 1 என்று கொடுங்க.
2. ஒரு நொடிக்கு 24 ஃபிரேம் என்று வையுங்க. கீஃபிரேம் பேனலில் 0, 12, 24 ஆகிய ஃபிரேம்களில் கீஃபிரேம் சேருங்க.
3. கேன்வாஸுக்குக் கீழே மனித உருவம் போட்ட பட்டனை அழுத்துங்க. கேன்வாஸைச் சுற்றிச் சிவப்புக் கோடு வந்தால் அனிமேட் மோடு ஆன்.
4. 12-வது ஃபிரேமுக்குப் போய் Y மதிப்பை -1 ஆக்குங்க. பிளே!

பந்து இறங்கி ஏறும். ஆனால் பார்த்தால் பந்து மாதிரியே இருக்காது. தரையை நெருங்கும்போது தயங்கும், பலூன் மாதிரி. ஏன்? இடைப்பட்ட மதிப்புகளைக் கணினி மென்மையாக நிரப்புகிறது. அதுக்கு ஈர்ப்பு விசை தெரியாது. நமக்குத் தெரியும்!

விழும் தூரம் ½gt². அதாவது பாதி நேரத்தில் கால் பங்கு தூரம்தான். மொத்த இறக்கம் 2 என்றால், 6-வது ஃபிரேமில் பந்து 0.5 மட்டுமே இறங்கியிருக்க வேண்டும். ஆகவே 6-லும் 18-லும் Y மதிப்பை 0.5 என்று வையுங்க. பிறகு டைம்லைனில் 12-வது ஃபிரேமின் வேபாயிண்ட்டை ரைட் கிளிக் செய்து, இரு பக்கமும் லீனியர் ஆக்குங்க. இப்போ ஓட்டிப் பாருங்க, 'டொக்'கென்று தரையில் மோதும்.

நிழலுக்கு ஒரு நீள்வட்டம். பந்துக்குக் கீழே, தரைக்கு மேலே அதன் லேயர். பந்து உயரும்போது நிழலைச் சிறிதாக்கினால் காட்சிக்கு ஆழம் வந்துவிடும். முடிந்ததும் F9 அழுத்தி ரெண்டர் செய்யலாம்.

ஆர்வமிருந்தால் சேமித்த .சிஃப் கோப்பை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பாருங்க. அது வெறும் எக்ஸ்எம்எல்! நீங்க கொடுத்த எண்களெல்லாம் உள்ளே வரிசையாக நிற்கும்.

அடுத்து பிஸ்டனை முயற்சி செய்யலாம். கிராங்க் சீரான வேகத்தில் சுற்றும். பிஸ்டன் மேல் முனையிலும் கீழ் முனையிலும் ஒரு கணம் நின்று திரும்பும். கிராங்குக்கு எந்த இடைநிரப்பல், பிஸ்டனுக்கு எது? பந்தில் படித்ததை வைத்து நீங்களே முடிவு பண்ணுங்க. அடுத்த செமினாரில் உங்க ஸ்லைடில் உங்க பிஸ்டன் ஓடட்டும்.