கம்பளிப் பின்னலும் நம் இல்லங்களும்

தலைநகரில் ஐப்பசி பிறந்ததும் நம் இல்லங்களில் பின்னல் ஊசிகள் வெளிவருகின்றன. ஊரில் கம்பளியையே அணிந்தறியாத நம் பெண்மணிகளில் பலர் இக்கலையை அண்டை வீட்டுப் பஞ்சாபிச் சகோதரிகளிடம் கற்றவர்கள்.

ஸ்வெட்டர் எளிது. காலுறையோ பொறுமையைச் சோதிப்பது. நான்கு ஊசிகளில் வட்டமாகப் பின்னி வந்து, குதிகாலில் பாதிக் கண்ணிகளை நிறுத்தி, மறுபாதியை மட்டும் முன்னும் பின்னுமாகப் பின்னித் திருப்பவேண்டும். அங்கே ஒரு கண்ணி நழுவினால் இரண்டு மாலைகளின் உழைப்பு வீண். ஒற்றைக் காலுறையோடு குளிர்காலம் கழிந்த வீடுகளும் உண்டு, பெயர் சொல்லமாட்டோம்!

நூல் முழுவதையும் ஒரே தடவையில் வாங்கிவிடுதல் நலம். சாயம் சற்று மாறினாலும் கை ஒரு நிறம், மார்பு ஒரு நிறமாகும். அசல் கம்பளியை வெந்நீரில் கசக்கினால் தந்தையின் ஸ்வெட்டர் மகனுக்குத்தான் பொருந்தும்.

கணக்கெழுதிப் பிழைக்கும் நாம் செலவையும் கூட்டிப் பார்த்தோம். லூதியானா ஆலைச் சரக்கே பல சமயம் மலிவு. ஆயினும் அது சிறுத்துவிட்டால் பிறருக்குக் கொடுக்க வேண்டியதுதான். கைப்பின்னலையோ பிரித்து, சிட்டமாகச் சுற்றி, நனைத்துத் தொங்கவிட்டால் சுருள் நீங்கி மீண்டும் நூலாகிறது. அண்ணனின் ஸ்வெட்டர் தம்பிக்குக் கையில்லாச் சட்டையாகி, மிச்சத்தில் பாப்பாவுக்கு ஒரு குல்லாயும் கிடைக்கிறது.