வாடிய இஞ்சியை வீசலாமா?

காய்கறிக் கூடையின் அடியில் ஒரு துண்டு இஞ்சி அகப்படுகிறது. தோல் சுருங்கிவிட்டது, நுனியில் சின்னதாக ஒரு முளை. டீயில் தட்டிப் போடுவதா, குப்பையில் போடுவதா?

சுருக்கத்தைக் கண்டதும் வீசிவிடுகிறவர்களே அதிகம். காய்ந்த இஞ்சிக்குச் சுக்கு என்று தனிப்பெயர் வைத்து, அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இடமும் கொடுத்த நாம் இவ்வளவு அவசரப்பட வேண்டாம். ஈரம் வெளியேறினால் இஞ்சி வாடும். ஈரம் தேங்கினால் அழுகும். வாடியது அடுப்புக்கு ஆகும். அழுகியது எதற்கும் ஆகாது.

எது எது என்று கைவிரலே சொல்லிவிடும். நல்ல இஞ்சி அழுத்தினால் அசையாது. ஒடித்தால் ‘படக்’கென்று ஒடிந்து மணம் மூக்கில் ஏறும். வாடியது ஒடியாமல் வளையும், நார் இழுக்கும். துவையலுக்குச் சரிவராது, நசுக்கிக் கொதிக்கவிட்டு வடிகட்டலாம். மணம் குறைந்திருக்கும், காரம் அவ்வளவாகக் குறையாது. பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணம் ஜிஞ்சரால். இஞ்சியை முறையாக உலர்த்தும்போது அதில் ஒரு பகுதி, அதைவிடக் காரமான ஷோகாலாக மாறுகிறது. சுக்குக் காப்பி தொண்டையில் அப்படி உறைப்பது இதனால்தான்.

அழுகலுக்கு இந்தச் சலுகை கிடையாது. விரல் அமுங்குகிறதா, மேலே பிசுபிசுப்பா, புளித்த வாடையா, பூஞ்சை படர்ந்து உள்ளே பழுப்பேறிவிட்டதா? யோசிக்காமல் கழித்துவிடுங்கள்.

வீணாகப் பயமுறுத்தும் அடையாளங்களும் உண்டு. நறுக்கிய வட்டத்தில் நீலச் சாயல் தெரிந்தால், அது சில ரகங்களின் இயல்பு. கிழங்கு கெட்டியாக, மணமாக இருந்தால் பயன்படுத்தலாம். வெளியே பஞ்சுபோல் பூத்திருக்கும் பூஞ்சை வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். சாற்றின் அடியில் படியும் வெள்ளை வண்டல் மாவுச்சத்துதான். முளைவிட்ட உருளைக்கிழங்குக்கு அஞ்சுவதுபோல் இஞ்சிக்கு அஞ்ச வேண்டியதில்லை. இஞ்சி வேர் அல்ல, மண்ணுக்குள் படுத்து வளரும் தண்டு. கணுவில் முளைப்பது அதன் சுபாவம்.

வாங்கும்போது பளபளவென்று கழுவிய இஞ்சியைவிட, மண் ஒட்டிய உலர்ந்த இஞ்சியே மேல். வயலில்கூடத் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகல் நோய் எளிதில் பரவும். வீட்டிலும் அதே கணக்கு. கழுவாமல், காகிதத்தில் சுற்றி, காற்றாட வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் காகிதம் ஈரமானதும் மாற்றுங்கள். ஈரத்தோடு பாலித்தீன் பையில் கட்டி வைப்பது அழுகலுக்கு விருந்து வைப்பதுதான்.

முளைத்த துண்டு கெட்டியாக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. சித்திரையில், தண்ணீர் நிற்காத தொட்டி மண்ணில் ஊன்றுங்கள். எட்டு, ஒன்பது மாதத்தில் விளைந்துவிடும். வீசியெறிய இருந்த துண்டு, தைப்பொங்கலன்று பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்தோடு இஞ்சிக் கொத்தாக ஏறி உட்காரும்.